மருமகன் சீட்டு

மணக்குடிக்காட்டில் மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு ஊதினால் மலர்க்கொடி முதலில் சாம்பார் அண்டாவைத்தான் மூடுவாள். அப்புறம் சட்னி வாளி, அப்புறம் இட்லிப் பானை. சங்கு நின்று நூறு எண்ணுவதற்குள் சுரங்கத்தில் வெடி போடுவார்கள். தரை ஒரு தடவை குலுங்கும். கடையின் தகரக் கூரையிலிருந்து வெள்ளைத் தூசி பொலபொலவென்று உதிரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற லாரிக்காரர்கள் உள்ளங்கையைக் குடை மாதிரி தட்டின் மேல் விரித்துக்கொள்வார்கள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "அக்கா, இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்று யாராவது கேட்பார்கள்.

வெடி போடுகிற அந்தப் பள்ளத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் இவர்களுடையதாக இருந்தது. காலம் காலமாக அடுத்தவன் வயலில் களை எடுத்த குடும்பம். மலர்க்கொடியின் மாமனார் காலத்தில்தான் சர்க்கார் ஒரு துண்டு நிலம் கொடுத்தது. கொத்தினால் மண்வெட்டி டங்கென்று திரும்பி வருகிற நிலம். வரகு போட்டால் வரும், வராமலும் போகும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்லைத்தான் சிமெண்ட் கம்பெனி கேட்டு வந்தது. மேலே ஒன்றும் விளையாத நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல் விளைந்து கிடந்ததாம். கொடுத்த விலை ஒரு ஓட்டு வீடானது. கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள்.

நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று அதில் எழுதியிருந்தது. மகன் அல்லது மருமகன். ஒரே ஒரு பெயர்தான். புதுச் சூளை ஓட ஆரம்பித்ததும் கூப்பிடுவோம் என்றார்கள்.

பையன் இருக்கிற வீட்டில் அது வெறும் தாள். பெண் மட்டும் இருக்கிற வீட்டில் அதற்கு 'மருமகன் சீட்டு' என்று பேர் விழுந்துவிட்டது. அப்புறம் சுற்றுவட்டாரத்தில் பெண் பார்க்கிற முறையே மாறிப்போனது. நிறம் கேட்பதில்லை, படிப்பு கேட்பதில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்கு முன்னாலேயே, "சீட்டு இருக்குங்களா?" என்பார்கள். இருந்தால் பாயில் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்கள். இல்லையென்றால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்கள்.

ராசாங்கத்துக்கும் மலர்க்கொடிக்கும் ஒரே பிள்ளை, வெற்றிச்செல்வி. அவள் வயதுக்கு வந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பொம்பளைகளில் ஒருத்தி, "ஏய், சீட்டு பெரிய மனுசி ஆயிருச்சுடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மலர்க்கொடியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஈரப் பாவாடையோடு மணையில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கே அவள் ஒன்று நினைத்துக்கொண்டாள். கட்டினால் சீட்டைப் பற்றித் தெரியாத ஒருத்தனைத்தான் கட்டுவது.

கெமிஸ்ட்ரி எடுத்துப் பெரம்பலூரில் காலேஜ் சேர்ந்தாள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் அரியலூருக்கு ஒரு டவுன் பஸ், அங்கிருந்து பெரம்பலூர், அப்புறம் குரும்பலூர் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கொஞ்ச தூரம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கம்பெனி லாரிகள் ரோட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கு மேலும் ஆகும். கூடவே பக்கத்துத் தெருப் பூங்குழலியும் வந்தாள். அவள் வீட்டுக்கு நிலமும் கிடையாது, சீட்டும் கிடையாது. அதனால் அவள் வாய் எந்த நேரமும் திறந்தே இருக்கும்.

அரியலூர் ஸ்டாண்டில்தான் வேல்முருகன் ஏறுவான். செந்துறைப் பக்கம். அதே காலேஜில் ஒரு வருஷம் மூத்தவன், பிசிக்ஸ். அப்பா இல்லை. அம்மா பச்சையம்மாள் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி வளர்த்த பிள்ளை. ஒரே சனம்தான், அந்த வகையில் ஒரு குறுக்கும் இல்லை. முதல் தடவை அவன் பேசியது ஒரு பங்குனி மாதத்தில். மடியில் ஒரு கேரிபேக் நிறைய முந்திரிப்பழம் வைத்திருந்தான். மஞ்சளும் சிவப்புமாக, பஸ் முழுக்க வாசனை.

"இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்குங்க. உப்பு மொளகாத்தூளு இருக்கு."

"தொண்டையப் புடிக்கும்" என்றாள் வெற்றி.

"புடிக்கத்தான் செய்யும். ரெண்டாவது பழம் தின்னா விட்டுரும்."

"அது எந்த பிசிக்ஸ்ல இருக்கு?" என்று பூங்குழலி நடுவில் பூந்தாள்.

சாறு சொட்டி வெற்றியின் சுடிதாரில் கறை விழுந்தது. முந்திரிப்பழக் கறை போகாது. மலர்க்கொடி மூன்று சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டு, "எந்த நாயிடி இதக் குடுத்துச்சு?" என்று கேட்டாள். வெற்றி அந்தச் சுடிதாரையே வாரம் இரண்டு தடவை போட்டுக்கொண்டு போனாள்.

வேலு நல்ல பையன்தான், சும்மா சொல்லக் கூடாது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்க மாட்டான். அவளுக்கு லேப் ரெக்கார்டில் படம் வரையத் தெரியாது, அவன்தான் கோடு பிசகாமல் போட்டுக் கொடுப்பான். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒங்க வூட்ல நெலம் நீச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. அம்மா இட்லிக் கடை. அப்பா லாரிக்குத் தார்ப்பாய் கட்டுறாரு."

"கம்பெனிக்கு நெலம் குடுத்தவங்க இல்லியா?"

"இருந்தாத்தான குடுக்க?"

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எங்களுக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் சமம்" என்று சிரித்துவிட்டுப் பாதி வடையை அவள் பக்கம் தள்ளினான். அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள்.

இரண்டாவது வருஷம் தை மாதம், ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் ராஜா, ஐ.டி.ஐ. முடித்தவன். ராசாங்கம் மாடு வாங்க வந்தவனிடம் பேசுகிற மாதிரி உஷாராகப் பேசினான். பையனின் பெரியப்பா சுற்றி வளைக்கவில்லை.

"பொண்ணு படிச்சுக்கிட்டே இருக்கட்டுங்க. நாங்க ஒண்ணும் தடுக்கல. அந்தத் தாள மட்டும் ஒருவாட்டி பாத்துட்டா மனசுக்கு நிம்மதி."

மலர்க்கொடி உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். காபி வருவதற்கு முன்னால் தாள் வந்துவிட்டது. பையன் ராஜா அதை வாங்கி, கம்பெனி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் நின்ற வெற்றி அந்த விரலைத்தான் பார்த்தாள். தன்னை அவன் இன்னும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் வேலுவிடம் சொன்னாள். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. வரன் வந்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

"புடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லு. வேற எதுக்காகவும் கழுத்த நீட்டாத."

"வூட்ல கத்துவாங்க."

"கத்தட்டும். நான் இருக்கேன்ல."

அவள் சொன்னாள். வீட்டில் கத்தினார்கள். மலர்க்கொடி கரண்டிக் காம்பால் இரண்டு போட்டாள். "கையில இருக்கிற அதிஷ்டத்தத் தெருவுல கொட்டுறியேடி" என்று அழுதாள். ராசாங்கம் மகளின் கையில் தடித்திருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, "யாராச்சும் இருக்கானா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். "நம்ம சனந்தானா?" அதற்கும் ஆட்டினாள். "சரி, படிப்ப முடி" என்று எழுந்து வேலைக்குப் போய்விட்டான்.

தார்ப்பாய் கட்டுகிற வேலை லேசுப்பட்டதில்லை. மூட்டை அடுக்கின லாரியின் உச்சியில் ஏறி, வெயிலில் காய்ந்து இரும்பாகக் கிடக்கிற தார்ப்பாயை விரித்து, கயிற்றைக் கொக்கியில் போட்டு, ஒரு காலை வண்டியில் உதைத்துப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். ராசாங்கத்தின் இரண்டு உள்ளங்கையிலும் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மிஷினில் அவன் விரல் விழாது, மலர்க்கொடிதான் போய் வைப்பாள். அப்படிப்பட்ட ஆள், மகளுக்குப் பிடித்தவன் யார் என்று பூங்குழலியிடம் கேட்டுக்கொண்டு, விசாரிக்க லீவு போட்டுச் செந்துறைக்கே போய்வந்தான். போய்வந்ததை வீட்டில் மூச்சு விடவில்லை.

வேலு காலேஜ் முடித்துவிட்டுக் கம்பெனியிலேயே பேக்கிங்கில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். பிசிக்ஸ் படித்தவன் மூட்டை நகர்த்தினான். சாயங்காலம் அரியலூர் ஸ்டாண்டில் அவளைப் பார்க்க வரும்போது இமை மயிரெல்லாம் வெள்ளையாக இருக்கும். "கெழவனாயிட்ட" என்று அவள் கைக்குட்டையைக் கொடுப்பாள். துடைத்துக்கொண்டே இருமுவான்.

மூன்றாவது வருஷம் சித்திரையில் அவளுக்குக் கடைசிப் பிராக்டிகல் நடந்தது. புதுச் சூளைப் புகைக் குழாயில் புகை வர ஆரம்பித்ததும் அந்த மாதம்தான். வைகாசி பிறந்ததும் அதுவரை வந்திருந்த மார்க் சீட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கம்பெனியில் லேப் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கலாமென்று, நிலம் கொடுத்தவர்களைக் கவனிக்கிற நிலப்பிரிவு ஆபீஸுக்குப் போனாள். அங்கே ஜெகதாம்பாள் என்று ஒரு மேடம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"மணக்குடிக்காடுங்க மேடம். ராசாங்கம் மக."

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியா? அடடா. ஒங்க சீட்டுக்கு நீயே போட்டிருக்கலாமே. நேரா லேப்லயே எடுத்திருப்பாங்க."

"அது மகன், மருமகனுக்குத்தானங்க?"

"அது பழைய தாளு. புது ஃபாரத்துல மகளும் உண்டு. ஆறு மாசமா நோட்டீஸ் போர்டுல இங்கிலீஷ்ல ஒட்டியிருக்கு, ஒருத்தரும் படிக்கிறதில்ல." அவர் ஃபைலைப் புரட்டினார். "ஆனா ஒங்கப்பாதான் போன மாசமே குடுத்துட்டாரேம்மா."

அவர் திருப்பிக் காட்டிய தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. மகன், மகள், மருமகன். மூன்றாவது கட்டத்தில் ஒரு சரி போட்டிருந்தது. கீழே வேல்முருகன் என்ற பெயர். அச்சடித்த மாதிரி எழுத்து. அந்த எழுத்தை அவள் எத்தனை ரெக்கார்டு நோட்டில் பார்த்திருப்பாள்! பேனா நடுக்கட்டத்தைத் தாண்டித்தான் மூன்றாவதுக்குப் போயிருக்க வேண்டும். அதற்கும் கீழே, பேனாவைக் கழி மாதிரி பிடித்து அவளுடைய அப்பா கஷ்டப்பட்டுப் போட்ட கையெழுத்து.

"மாத்த முடியுங்களா மேடம்?"

"பேரு குடுத்த பையன் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா மாத்தலாம். இல்லன்னா ஆறு மாசத்துக்குள்ள கல்யாணச் சான்று குடுத்து அவன் சேந்துக்கணும். ரெண்டுமில்லன்னா சீட்டு செல்லாது. ஒருவாட்டிதான்." மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, ஒனக்குப் புடிச்ச பையன்தானே? ஒங்கப்பா அப்படித்தான் பெருமையாச் சொன்னாரு" என்றார்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. ராசாங்கம் பெஞ்சில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பப்பா கையெழுத்துப் போட்ட?"

அவனுக்கு உடனே புரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குள்ள தெரிஞ்சு போச்சா? பரிச்ச முடியட்டும்னு இருந்தேன். தம்பி அன்னைக்கு லாரி ஷெட்டுக்கே வந்துச்சு. 'மாமா, ஒங்க பொண்ணத்தான் கட்டுவேன், நீங்க ஒத்துக்கிட்டா'ன்னு அத்தன பேரு முன்னாடி கைகட்டி நின்னுச்சு. ஃபாரமெல்லாம் அதுவே எழுதிக்கிட்டு வந்துருச்சு. நான் மேல ஏறி நின்னவன் எறங்கி வந்து போட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"ஒன்னக் கேட்டுத்தான பாப்பா அந்த வரன வேண்டாம்னு சொன்னோம்? நீ விரும்புனவனுக்குத்தான குடுத்தேன்? எவன் பொண்ணு லவ்வு பண்ணினாலும் அப்பன் அருவாளத் தூக்குறான். நான் பேனாவத் தூக்குனேன்."

"அதுல மகளும்னு ஒரு கட்டம் இருந்துச்சுப்பா. நானே சேந்திருக்கலாம். லேப்ல."

கூழ்ச் சட்டி அவன் கையில் அப்படியே நின்றது. "அப்படி ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"எழுதிக்கிட்டு வந்தவனுக்குத் தெரியும்."

மலர்க்கொடி அண்டா தேய்த்துக்கொண்டே இருந்தவள் திரும்பினாள். "இருந்தா என்னாடி? பொண்ணு பேருக்கு எழுதுனா நாளைக்கு அடுத்தவன் வூட்டுக்குல்ல போவும் வேல?"

"மருமவன் பேருக்கு எழுதுனா மட்டும் எந்த வூட்டுக்குப் போவுதாம்?"

மலர்க்கொடி சாம்பலை அள்ளி, தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

"வா, நாளைக்குப் போயி மாத்திக் குடுன்னு கேப்போம்" என்றாள் வெற்றி.

"அந்தப் புள்ள மொகத்துல எப்பிடி முழிப்பேன்? அத்தன பேரு முன்னாடி கைகட்டி நின்னுச்சு பாப்பா." அந்த ஒரு வரியைத் தாண்டி ராசாங்கத்துக்குப் போக முடியவில்லை. அவன் வாழ்நாளில் அவன் முன்னால் கைகட்டி நின்றவர்கள் வேறு யாரும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அரியலூர் ஸ்டாண்டுக்கு எதிர் பேக்கரியில் வேலுவைப் பார்த்தாள். அவன் இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னான். அவள் பன்னைத் தொடவில்லை.

"எங்க வூட்டுக்குச் சீட்டு இருக்கிறது ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவன் மழுப்பவில்லை. "ரெண்டாவது வருசம். தீவாளிக்கு முன்னாடி. பூங்குழலிதான் சொன்னா. 'அவ ஒன்னச் சோதிக்கிறா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத'ன்னா."

"அப்ப, ராஜா வந்தப்போ வேண்டாம்னு சொல்லச் சொன்னியே. அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

வெளியே கண்டக்டர் ஒருத்தன் "ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டம்" என்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். 

"நான் ஒண்ணும் நடிச்சு ஏமாத்தல வெற்றி. ஒன்னையும் புடிச்சுது. அதுவும் வேணும்னு இருந்துச்சு. ரெண்டுந்தான்."

"எது மொதல்ல?"

"அத எப்படிப் பிரிச்சுச் சொல்றது? நீயும்தான் எங்கிட்டப் பொய் சொன்ன. நான் கேட்டனா?"

"நடுக் கட்டத்தப் பாத்தியா, பாக்கலியா?"

அவன் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "பாத்தேன். நீ பி.எட். படிச்சு டீச்சராயிரலாம். எனக்கு வேற என்ன இருக்கு? காண்ட்ராக்ட்டுக்காரன் இன்னைக்கு 'வா'ங்கிறான், நாளைக்கு 'வராத'ங்கிறான். துப்புனா சாம்பலா வருது. நெரந்தரமானா லேப்லயோ ஸ்டோர்லயோ ஒக்காருவேன். யாரு பேர்ல இருந்தா என்ன, நம்ம வேலதான?"

"நம்ம வேலன்னா என் பேர்லயே இருக்கட்டும். மேடம் ஃபாரம் குடுத்திருக்காங்க. இந்தா, கையெழுத்துப் போடு. நாளைக்கே ஒன்னக் கட்டிக்கிறேன். சத்தியமா."

அவன் ஃபாரத்தைப் படித்தான். முழுசாக, பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தான்.

"மொதல்ல கட்டிக்கலாம். அப்புறம் போடுறேன்."

"அப்புறம் எதுக்குப் போடுவ?"

"போட்டதுக்கப்புறம் நீ எதுக்குக் கட்டுவ? லேப்ல ஒக்காந்துக்கிட்டு ஒரு மூட்டை தூக்குறவன."

 அவளுக்கு ஒரு கணம் அவன் தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. இன்னொரு கணம் அந்தச் சூடான டீயை முகத்தில் ஊற்ற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதே பஸ்ஸில் இருந்த பூங்குழலி, விஷயத்தைக் கேட்டதும் கையைப் பிடித்தாள். "நல்லது நெனச்சுத்தான்டி சொன்னேன். அவனுக்குத் தெரிஞ்சும் ஒன்ன ஒண்ணும் கேக்காம இருந்தான்ல?" என்றாள். வெற்றி கையை உருவிக்கொண்டாள்.

அதிலிருந்து ஐந்து மாதம் வீடு வீடாக இல்லை. பி.எட். என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. கடையில் நின்றாள். விடியற்காலம் மாவு எடுத்து, இட்லி ஊற்றி, லாரிக்காரர்களுக்குப் பரிமாறி, தட்டு கழுவினாள். "அக்கா, பாப்பா காலேஜ் படிச்சிருக்காமே, சட்னிக்கு உப்பு எத்தன கிராமுன்னு கேளுங்க" என்று ஒரு ஆத்தூர் டிரைவர் கிண்டலடித்தான். "ஒங்க நாக்குக்கு எவ்வளவு போட்டாலும் பத்தாதுண்ணே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ராசாங்கம் கெஞ்சினான். மலர்க்கொடி திட்டினாள், பட்டினி கிடந்தாள், சாமியாடியிடம் குறி கேட்டாள். ஊரில் ஒரு நாக்கு பாக்கியில்லை. "ஆசப்பட்டவன் வேணுங்கிறா, கட்டிக்கவும் மாட்டேங்கிறா, என்ன பொண்ணு இது?" வேலு வாரம் ஒரு தடவை போன் செய்வான். "யோசிச்சியா?" என்பான். "நீ யோசிச்சியா?" என்பாள். அப்புறமும் இரண்டு பேரும் போனை வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கும்.

ஆறு மாதம் முடிகிற நாள் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாளிலிருந்தே அடைமழை. கடைக்குப் பக்கத்து லாரி எடைமேடைக்கு முன்னால் சிமெண்ட் சேறு தோசை மாவு மாதிரி தேங்கி நின்றது. காலை பத்து மணிக்கு வேலுவின் பைக் வந்து கடைக்கு எதிர்ப் புளியமரத்தடியில் நின்றது. பின்னாலிருந்து பச்சையம்மாள் இறங்கினாள். மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு மஞ்சப் பை. அதற்குள் பூ, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் கயிறு. வேலு கடைக்குள் வரவில்லை. மரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

"கோயில்ல ஒரு முடிச்சு போட்டுட்டு ரசீது வாங்கிட்டு வந்தாக்கூடப் போதும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க" என்று மலர்க்கொடியிடம் சொன்னாள் பச்சையம்மாள். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்கு. நான் இங்கனயே ஒக்காந்திருக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். முந்திரிக்கொட்டைப் பாலில் வெந்த கை, விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. வெற்றி ஒரு தட்டில் நாலு இட்லி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"சாப்புடுங்க அத்த."

"அத்தங்கிற. அப்ப என்னடி தடுக்குது?"

"அவரு ஒரு கையெழுத்துப் போடணும்."

"ஆம்பளப் புள்ள பேர்ல வந்தத யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா? நான் என்ன சொல்லி அவன வளத்தேன் தெரியுமா? இந்த வெந்த கையி என்னோட போயிரணும்டான்னு சொல்லி வளத்தேன்." அவள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் முக்கினாள். புண்ணில் காரம் பட்டு உஸ்ஸென்று உறிஞ்சினாள். வெற்றி சட்னியை எடுத்துவிட்டுச் சர்க்கரை வைத்தாள்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. ராசாங்கம் லாரி ஷெட்டிலிருந்து இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். மூன்று மணிக்கு வெற்றி ஃபாரத்தையும் பேனாவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, குடை பிடித்து மரத்தடிக்குப் போனாள்.

"வேலு, எனக்கு வேலைக்காக இல்ல. நீ போட்டுட்டன்னா நான் நம்பிருவேன். அவ்வளவுதான்."

அவன் பேனாவை வாங்கினான். மூடியைக்கூடத் திறந்துவிட்டான். கடைப் பக்கம் பார்த்தான். அங்கே அவன் அம்மா பெஞ்சின் நுனிக்கு வந்து உட்கார்ந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீ கயித்த வாங்கிக்க. இங்கனயே, இந்த எடத்துலயே கையெழுத்துப் போடுறேன்."

அவள் பேனாவைக் கவரில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டாள்.

நாலரைக்கு மறுபடி மழை பிடித்தது. ஐந்துக்குக் கம்பெனி ஆபீஸ் ஆட்கள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு டூவீலரில் வரிசையாக வெளியே வந்தார்கள். அதில் ஜெகதாம்பாள் மேடமும் இருந்தார். கடையைப் பார்த்தார், வண்டியை நிறுத்தவில்லை.

பச்சையம்மாள் எழுந்து மஞ்சப் பையை இடுப்பில் செருகினாள். பூ அதற்குள் வாடிவிட்டது. வெற்றியின் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து மலர்க்கொடி ஓடிவந்தாள்.

"நெலத்தையும் குடுத்தீங்க. இப்ப வேலையையும் அவனுக்கே விட்டுக் குடுத்துட்டிய. எம்புள்ளைக்குப் போவக்கூடாது, கம்பெனிக்காரனுக்குப் போனாப் போவட்டும். அவன் ஒனக்கு என்னடி மாமனா, மச்சானா?"

 அந்தக் கிழவி கேட்டதில் தப்பு ஒன்றும் இருந்ததாக வெற்றிக்குத் தெரியவில்லை.

மரத்தடியில் வேலு பைக் சீட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஒரு நாளாச்சும் எம்மேல நம்பிக்க வரலியா ஒனக்கு?"

"வந்துச்சு" என்றாள் வெற்றி. "ரெண்டு வருசம் வந்துச்சு."

அவன் தாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வண்டி வெள்ளைச் சேற்றில் ஒரு தடவை வழுக்கி, காலை ஊன்றி நிமிர்ந்து, செந்துறை ரோட்டில் ஏறியது.

ராசாங்கம் நனைந்துகொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மகள் நின்ற பக்கம் பார்க்காமல், "இருக்கிறத வையி" என்று மலர்க்கொடியிடம் சொன்னான். மலர்க்கொடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அசையவில்லை. வெற்றிதான் தட்டெடுத்து வைத்தாள். அவன் தட்டைத் தள்ளவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அவள் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், நாலு இட்லியையும் வெறுமனே பிட்டுத் தின்றுவிட்டு, கை கழுவப் போய்விட்டான்.